சட்டம் படம் எடுக்காது: தென்கொரியத் திரை ஒதுக்கீட்டின் பலமும் எல்லையும்

1993ஆம் ஆண்டில் தென்கொரியாவின் ஒவ்வொரு திரையரங்கும் வருடத்தில் 146 நாட்கள் கொரியப் படங்களைத் திரையிட்டாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆண்டின் நாட்களில் ஐந்தில் இரண்டு பங்கு அது. அதே ஆண்டு அந்நாட்டுப் பார்வையாளர்களில் கொரியப் படங்களுக்குக் கிடைத்த பங்கு 15.9 சதவீதம்தான். இருபது ஆண்டுகள் கழித்து, 2013இல், சட்டம் கேட்ட நாட்கள் 73ஆகப் பாதியாகிவிட்டிருந்தன. கொரியப் படங்களின் பங்கோ ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் திரை ஒதுக்கீடு வெறும் காகித வேலி என்று முடிவுகட்டத் தோன்றும். பலர் முடிவுகட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 146 நாட்களைக் காப்பாற்றுவதற்காக அந்நாட்டின் மூத்த இயக்குநர்கள் தலையை மழித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். ஒதுக்கீடு நல்ல சினிமாவைத் தருமா, தராதா என்ற கேள்வியில்தான் இரு தரப்பும் இன்றுவரை மோதிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கேள்வியே தவறாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒதுக்கீடு ஒரு படத்தையும் எடுப்பதில்லை. எடுத்த படம் பார்வையாளர் முன் வந்து நிற்க ஓர் இடத்தைப் பிடித்துத் தருகிறது, அவ்வளவே. அந்த இடத்தைக் கண்காணிப்பவர் யார், அதை நிரப்பப் பணமும் கருத்துச் சுதந்திரமும் உண்டா, உள்நாட்டிலேயே அதை விழுங்குபவர் யார் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் அதன் பலன் அமைகிறது.

முதலில், இப்படி ஓர் இடத்தை அரசு பிடித்துத் தர வேண்டிய தேவை ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். சினிமா மற்றச் சரக்குகளைப் போன்றதன்று. முதல் பிரதியை உருவாக்கத்தான் பெரும் செலவு. அடுத்தடுத்த பிரதிகளுக்குச் செலவு சொற்பம். முதல் உலகப் போரின்போது ஐரோப்பியப் படப்பிடிப்புத் தளங்கள் முடங்கிக்கிடந்தன. ஹாலிவுட்டோ தன் பரந்த உள்நாட்டுச் சந்தையிலேயே போட்ட முதலை எடுத்துவிட்டு, வெளிநாடுகளில் எந்த விலைக்கும் படத்தைக் கொடுக்க முடிந்தது. லண்டனிலோ பாரிஸிலோ எடுக்கப்படும் படத்துக்கு அந்த வசதி இல்லை. இதோடு மொத்தப் பதிவு என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது. பெரிய நட்சத்திரம் நடித்த ஒரு படம் வேண்டும் என்றால், அதே நிறுவனத்தின் சாதாரணப் படங்களையும், சில சமயம் இன்னும் எடுக்கப்படாத படங்களையும் சேர்த்தே திரையரங்கு வாங்க வேண்டும். திரையின் நாட்காட்டி பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். உள்ளூர்ப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குத் தேதி கிடைக்காது. இந்த வழக்கம் நியாயமற்றது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1948இல் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் கையெழுத்தான காட் வணிக ஒப்பந்தம், சுதந்திர வணிகத்தையே கொள்கையாகக் கொண்டிருந்தும், தன் நான்காவது பிரிவில் திரைப்படங்களுக்கு விதிவிலக்குத் தந்தது. உள்நாட்டுப் படங்களுக்குத் திரை நேரத்தில் குறைந்தபட்சப் பங்கு ஒதுக்க நாடுகளுக்கு உரிமை உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. ஆக, திரை ஒதுக்கீடு சுதந்திர வணிகத்தின் விதிப் புத்தகத்திலேயே இடம் பெற்ற ஏற்பாடு.

ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் முதலில் கையில் எடுக்கும் சான்று பிரிட்டனுடையது. 1927ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் ஃபிலிம்ஸ் சட்டம் விநியோகஸ்தர்களுக்கு 7.5 சதவீதம், திரையரங்குகளுக்கு 5 சதவீதம் என்று தொடங்கி, 1936க்குள் இரு தரப்புக்கும் 20 சதவீதம் வரை பிரிட்டிஷ் படங்களைக் கட்டாயமாக்கியது. விளைவு பெயர்போனது. பிரிட்டனில் படங்களை விநியோகித்த பெரும் நிறுவனங்கள் அமெரிக்காவுடையவை. தங்கள் படங்களை விற்பதற்குத் தாங்களே பிரிட்டிஷ் படமும் வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்ததும், அவை லண்டனின் சிறு ஸ்டூடியோக்களிடம் ஓர் அடி ஃபிலிமுக்கு ஒரு பவுண்டு என்று விலைபேசிப் படங்களை எடுக்கச் செய்தன. சுமார் 6,000 அடி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும், இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். இவற்றுக்கு ‘கோட்டா குவிக்கி’ என்று கேலிப் பெயரே வந்தது. லண்டன் அரங்குகளில் காலையில் தரை கூட்டும் பெண்கள் மட்டும் இருக்கும்போது இப்படங்களை ஓட்டிவிட்டுச் சட்டக் கணக்கை முடித்துக்கொண்டார்கள் என்ற செய்தி அக்காலம் தொட்டுச் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் இதிலிருந்து ஒதுக்கீடே தரத்தைக் கெடுக்கும் என்று முடிவெடுப்பது அவசரம். பிரிட்டிஷ் படம் நன்றாக வருவதில் துளியும் அக்கறை இல்லாதவர் தலையிலேயே அதை உருவாக்கும் கடமையைச் சட்டம் ஏற்றியது. அவர் மிகக் குறைந்த செலவில் கடமையைக் கழித்தார். படத்துக்குக் குறைந்தபட்சச் செலவு இவ்வளவு இருக்க வேண்டும் என்று 1938இல் சட்டத்தைத் திருத்தியபோது இந்த ஓட்டை பெரிதும் அடைபட்டது. பின்னாளில் பிரிட்டனின் தலைசிறந்த இயக்குநர்களில் ஒருவராகப் போற்றப்பட்ட மைக்கேல் பவல் தொழில் கற்றதும் இந்த மலிவுப் படங்களில்தான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிரிட்டன் செய்த இரண்டாவது பிழை இதைவிடப் பாடம் தருவது. போருக்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய அரசு, 1947 ஆகஸ்டில் வெளிநாட்டுப் படங்களின் வருவாய்க்கு 75 சதவீதத் தீர்வை விதித்தது. ஹாலிவுட் புதிய படங்களை அனுப்புவதை நிறுத்தியது. 1948 மார்ச்சில் அரசு இறங்கிவந்து தீர்வையை விலக்கியது. கையோடு திரையரங்கு ஒதுக்கீட்டை 45 சதவீதத்துக்கு உயர்த்தியது. அவ்வளவு படங்களை எடுக்கத் தொழிலிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை, தளமும் இல்லை. ஏராளமான அரங்குகளுக்கு விலக்குத் தர வேண்டியதாயிற்று. 1950க்குள் அளவு 30 சதவீதமாக இறங்கியது. எடுக்க முடிந்ததைவிட அதிக இடத்தை ஒதுக்கினால், அந்த இடத்தைக் குப்பை நிரப்பும் அல்லது விலக்கு நிரப்பும். பிரிட்டன் இரண்டையும் பார்த்துவிட்டது. கடைசியில் 1983இல் ஒதுக்கீட்டை நிறுத்திவைத்தது, 1985இல் சட்டத்தையே எடுத்துவிட்டது.

இதே பிரிட்டிஷ் அரசு 1920களில் இந்தியாவையும் இந்த வலைக்குள் இழுக்கப் பார்த்தது. அமெரிக்கப் படங்களைத் தடுக்க, ‘சாம்ராஜ்யப் படங்களுக்கு’ முன்னுரிமை என்ற பெயரில் பிரிட்டிஷ் படங்களுக்கு இந்தியத் திரைகளில் இடம் பிடிப்பது நோக்கம். 1927இல் சென்னை வழக்கறிஞரான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்திய சினிமாட்டோகிராஃப் குழு அந்த நோக்கத்துக்கு உடன்படவில்லை. அமெரிக்கப் படம் இந்திய நலனுக்குக் கேடென்றால் வேறெந்த மேலைநாட்டுப் படமும் அதே அளவு கேடுதான் என்ற தர்க்கத்தை அது முன்வைத்தது. காப்பதாக இருந்தால் இந்தியப் படத்தைக் காக்க வேண்டும் என்பது குழுவின் இந்திய உறுப்பினர்களின் நிலை. 1928இல் வந்த அறிக்கையை அரசு கிடப்பில் போட்டது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1931இல், ‘ஆலம் ஆரா’வும் ‘காளிதாஸ்’ படமும் வந்து, பேசும் படம் தொடங்கிவிட்டது. அரசு கொடுக்க மறுத்த பாதுகாப்பை மொழியும் பாட்டும் கொடுத்தன. லண்டன் பார்வையாளரிடம் ஹாலிவுட் அவருடைய மொழியிலேயே பேசியது. திருச்சிப் பார்வையாளரிடம் அப்படி இல்லை. பிரிட்டனுக்கு ஒதுக்கீடு தொடர்ந்து தேவைப்பட்டதும் தமிழ் சினிமாவுக்குத் தேவைப்படாததும் இந்த வித்தியாசத்தால்தான்.

அப்படியானால் தனிமொழி பேசும் கொரியாவுக்கு ஏன் ஒதுக்கீடு தேவைப்பட்டது என்ற கேள்வி எழும். மொழி வேலி தானாக நிற்பதில்லை. அதற்குள் மக்கள் பார்க்க விரும்பும் படம் இருக்க வேண்டும். கொரியாவில் அந்தப் படத்தை அரசே நசுக்கியிருந்தது. 1966இல் சட்டமாகி 1967இல் நடைமுறைக்கு வந்த ஒதுக்கீடு, ராணுவப் பின்னணியுள்ள ஆட்சியின் திரைப்படச் சட்டத்தின் ஒரு பகுதி. அந்தச் சட்டம் ஒரு கையால் உள்ளூர்ப் படத்துக்கு நாள் ஒதுக்கியது, மறுகையால் திரைக்கதையையும் முடிந்த படத்தையும் வெட்டியது. படம் எடுக்கும் உரிமம் ஒரு சில நிறுவனங்களுக்கு மட்டும். வெளிநாட்டுப் படம் இறக்குமதி செய்யும் அனுமதியும் அவர்களுக்கே. அது உள்ளூர்ப் படம் எடுத்ததற்கும், அரசு ‘தரமான படம்’ என்று பாராட்டியதற்கும் பரிசாகக் கிடைத்தது. ஆகவே தயாரிப்பாளரின் லாபம் கொரியப் படத்தில் இல்லை. அதைக் காட்டிப் பெறும் ஹாலிவுட் படத்தில் இருந்தது. லண்டனின் மலிவுப் படங்கள் சியோலில் வேறு உருவில் பிறந்தன. சட்டத்தில் நாட்கள் கூடின: 1973இல் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, 1985இல் 146 நாட்கள். திரையில் காட்டத்தக்க படங்களோ குறைந்துகொண்டே போயின.

1980களின் நடுவில் அமெரிக்க அழுத்தத்தால் கொரியா தன் சந்தையைத் திறந்தது. ஹாலிவுட் நிறுவனங்கள் உள்ளூர் முகவர் இல்லாமல் தாங்களே விநியோகிக்கலாம் என்றானது. 1988 செப்டம்பரில் அப்படி ஒரு விநியோக நிறுவனமான யுஐபி ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்தை நேரடியாக வெளியிட்டது. எதிர்ப்பு எந்த அளவுக்குப் போனது என்றால், நேரடி விநியோகப் படங்கள் ஓடிய அரங்குகளுக்குள் பாம்புகளை விட்டார்கள். பயன் இல்லை, இறக்குமதி லாபத்தில் நின்ற பழைய நிறுவனங்களின் அஸ்திவாரம் சரிந்தது. 146 நாள் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது, ஆனால் அரங்கு உரிமையாளர்களுக்கு அதை ஏய்ப்பது எளிது. கொரியப் படம் ஓடியதாக அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு அன்று ஹாலிவுட் படத்தை ஓட்டுவார்கள். உள்ளாட்சி அலுவலகம் அறிக்கையைக் கோப்பில் வைத்துவிடும். 1993இல் திரைத்துறையினர் தாங்களாகவே ஒரு கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். ஆட்கள் அரங்குகளுக்கு நேரில் போய், அறிக்கை சொல்லும் படமும் திரையில் ஓடும் படமும் ஒன்றுதானா என்று பார்த்தார்கள்; பொருந்தாத நாட்களைக் கணக்கெடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். குறைவாக ஓட்டிய நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரங்கை மூட உத்தரவிடும் தண்டனை சட்டத்தில் முன்பிருந்தே இருந்தது. அதைப் பயன்படுத்தத் தூண்டும் தரப்பு அப்போதுதான் வந்தது. அரங்கு உரிமையாளர் ஒருவர் தன் தொழில் உரிமை பறிபோகிறது என்று வழக்குப் போட, 1995இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சட்டத்தின் எண் மாறாமலேயே அதன் பலம் மாறியதை இங்கே காண்கிறோம். 1985 முதல் 1993 வரையும் 146தான், 1993 முதல் 2006 வரையும் 146தான். அரசும் உள்ளாட்சிகளும் 40 நாட்கள் வரை குறைத்துக்கொள்ள விதி இடம் தந்ததால், நடைமுறையில் 106 நாட்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் முதல் காலகட்டத்தின் 146ஐவிட இரண்டாம் காலகட்டத்தின் 106 வலுவானது. ஒரு கட்டாயத்தால் நன்மை அடையும் தரப்பிடம் அதைக் கண்காணிக்கும் வழியும் இருந்தால்தான் அது உயிர்பெறும். இந்தியாவில் இதன் மறுபக்கத்தை நாம் அறிவோம். திரையரங்கு உரிமத்தின் நிபந்தனையாக ஒவ்வொரு காட்சியிலும் ஃபிலிம்ஸ் டிவிஷனின் நியூஸ் ரீலும் ஆவணப்படமும் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் பல பத்தாண்டுகள் இருந்தது. அந்தக் கட்டாயம் ஒழுங்காக நிறைவேறியது. ஆவணப்படத்துக்கென்று ஒரு ரசிகர் கூட்டம் உருவாகவில்லை. எடுத்தவரும் அரசு, காட்டச் சொன்னவரும் அரசு. நல்ல படம் எடுத்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலையில் எவரும் அங்கே இல்லை.

ஆகவே கொரியாவின் எழுச்சிக்கு முழுப் பெருமையையும் ஒதுக்கீட்டுக்குக் கொடுப்பதும் பிழைதான். 1990களில் அங்கே பல மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. 1996 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் படங்களின் முன்தணிக்கை செல்லாது என்றது. அதே ஆண்டு பூசான் திரைப்பட விழா தொடங்கியது. சாம்சங் போன்ற பெருங்குழுமங்கள் சினிமாவில் முதலீடு செய்து, 1997 நிதி நெருக்கடிக்குப் பின் வெளியேறின. அவை விட்ட இடத்தை முதலீட்டு நிதியங்கள் நிரப்பின. 1998இல் சிஜிவி நிறுவனம் சியோலின் கங்பியோனில் 11 திரைகள் கொண்ட மல்டிபிளெக்ஸைத் திறந்தது. 1999இல் வந்த ‘ஷிரி’, கொரியாவில் ‘டைட்டானிக்’கின் வசூலைத் தாண்டியது, அவ்வருடம் உள்ளூர்ப் பங்கு 40 சதவீதத்தை நெருங்கியது, 2001இல் பாதியை எட்டியது. தணிக்கை நீங்காமல் இது நடந்திருக்காது, பணம் வராமலும் நடந்திருக்காது. ஆனால் ஒதுக்கீடு இல்லாமல் நடந்திருக்குமா? 1993ஐ மறுபடி பார்ப்போம். பங்கு அடிமட்டத்துக்குப் போன அதே ஆண்டில்தான் இயக்குநர் இம் க்வோன்டேக்கின் ‘சோப்யோன்ஜே’ சியோலில் மட்டும் பத்து லட்சம் பார்வையாளர்களைக் கடந்தது. கொரியப் படம் என்பதற்காக மக்கள் ஒதுக்கவில்லை. நல்லது வந்தால் பார்க்கத் தயாராகவே இருந்தார்கள். சுதந்திரமும் முதலீடும் வந்து சேர்ந்த ஐந்தாறு ஆண்டுகளில் புதிய இயக்குநர்களுக்குத் திறந்த திரைகள் இருந்தன என்றால் அதற்குக் காரணம் அந்த நாட்கணக்கே. ஒதுக்கீடு தந்தது அவகாசம். மற்றதை மற்றவை தந்தன.

இந்த வளர்ச்சியே ஒதுக்கீட்டுக்கு வினையாயிற்று. 1998 முதல் அமெரிக்காவுடன் முதலீட்டு ஒப்பந்தம் பேசத் தொடங்கியதும் ஒதுக்கீட்டைக் குறைக்கும் கோரிக்கை மேசைக்கு வந்தது. 1999இல் இம் க்வோன்டேக் உள்ளிட்டோர் தலை மழித்துப் போராடியது அப்போதுதான். 2006 ஜனவரி 26 அன்று, அமெரிக்காவுடனான தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சு தொடங்க வழிவிடும் முன்நடவடிக்கையாக, நாட்கள் 146இலிருந்து 73 ஆகும் என்று அரசு அறிவித்தது. ‘ஓல்ட்பாய்’ நாயகன் சோய் மின்சிக் அரசு தந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். நடிகர்கள் முறைவைத்துத் தனித்தனியே பதாகை ஏந்தி நின்றார்கள். ஜூலை முதல் தேதி வெட்டு நடைமுறைக்கு வந்தது. ஈடாக, டிக்கெட் விலையில் 3 சதவீதம் பிடித்தும் அரசுப் பணம் போட்டும் ஒரு திரைப்பட வளர்ச்சி நிதி உருவாயிற்று. 2006இல் சுமார் 64 சதவீதமாக இருந்த உள்ளூர்ப் பங்கு 2008இல் 42 சதவீதத்துக்குச் சரிந்தது. பிறகு ஏறி 2013இல் 60ஐ நெருங்கியது. சரிவைக் காட்டி ஒதுக்கீடு போனதால் நாசம் என்றனர் ஒரு தரப்பினர். ஏற்றத்தைக் காட்டி ஒதுக்கீடு எப்போதுமே தேவையில்லை என்றனர் மறு தரப்பினர்.

இரண்டு வாசிப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன. 2006இல் கொரியப் படங்கள் சட்டம் கேட்டதைவிட மிக அதிக நாட்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. எட்டிவிட்ட அளவைப் பாதியாக்குவதால் உடனே யாருக்கும் ஒரு நாளும் குறைவதில்லை. 2008இன் சரிவுக்கு அளவுக்கு மீறிய தயாரிப்பும் முதலீட்டு நஷ்டமுமே நெருங்கிய காரணங்கள். அதே தர்க்கத்தால், பின்னர் வந்த ஏற்றமும் ஒதுக்கீடு தேவையற்றது என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஒதுக்கீடு காப்பீட்டைப் போன்றது: உடல் நன்றாக இருக்கிறது என்பதால் பிரீமியம் வீண் என்று சொல்லிவிட முடியாது. வெட்டின் உண்மையான விலை நாட்களில் இல்லை, ஒப்பந்தத்தின் சொற்களில் இருக்கிறது. 2007இல் கையெழுத்தாகி 2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தம் 73 என்ற எண்ணைப் பூட்டிவிட்டது. நாளை கொரிய சினிமா மீண்டும் 1993இன் நிலைக்குச் சரிந்தாலும் அந்த நாட்டின் நாடாளுமன்றம் தன் விருப்பப்படி அதை உயர்த்த முடியாது. குறைக்க வழி உண்டு, கூட்ட வழி இல்லை. பிரேசிலோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே 2021இல் காலாவதியான திரை ஒதுக்கீட்டை 2024 ஜனவரியில் புதிய சட்டத்தின் மூலம் மீட்டுக்கொண்டார்கள். தேவைப்படும்போது திரும்ப எடுக்கும் உரிமையை பிரேசில் வைத்திருந்தது, கொரியா விற்றுவிட்டது.

எதிர்ப்பாளர்களின் வாதங்களில் கனமானது பார்வையாளரின் உரிமை பற்றியது. எந்தப் படத்தைப் பார்ப்பது என்று அரசு ஏன் சொல்ல வேண்டும்? இதற்குப் பதில், ஒதுக்கீடு எவரையும் ஒரு படத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதில்லை என்பதே. ஊரில் ஓடாத படத்தை விரும்பித் தேர்ந்தெடுக்க எவராலும் முடியாது. தேர்வுக்கு முன்னால் தேர்வுப் பட்டியலை வேறு யாரோ போட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பதுதான் ஒதுக்கீடு. ஆனால் அரங்கு உரிமையாளரின் குறை நியாயமானது. காலி இருக்கைகளின் நஷ்டம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. பண்பாட்டைக் காக்கும் செலவை ஒரு தொழிலின் ஒரு தரப்பே சுமப்பது நீதியாகாது. ஆகவே ஒதுக்கீடு மிதமாக இருக்க வேண்டும், அதோடு வரிச் சலுகையோ நிதியோ சேர வேண்டும். கொரியாவின் 3 சதவீத நிதியைப் போன்ற ஏற்பாடு ஒதுக்கீட்டுக்கு மாற்றாக வந்திருக்கக் கூடாது, துணையாக வந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை ஒதுக்கீட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெளியாளிடமிருந்து காக்கும் சட்டம் உள்ளாளிடமிருந்து காப்பதில்லை. 2006 ஜூலையில், நாட்கள் பாதியான அதே மாதத்தில், போங் ஜூன்ஹோவின் ‘தி ஹோஸ்ட்’ 620 திரைகளில் வெளியானது. நாட்டின் திரைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 2017இல் ‘பேட்டில்ஷிப் ஐலண்ட்’ இரண்டாயிரத்துக்கும் அதிகமான திரைகளை எடுத்துக்கொண்டது. இரண்டும் கொரியப் படங்கள். சட்டத்தின் பார்வையில் அந்தத் திரைகள் எல்லாம் கடமையை ஒழுங்காகச் செய்தன. முதலீடு, விநியோகம், அரங்கு மூன்றும் சிஜே, லோட்டே போன்ற ஒரே குழுமங்களின் கையில் சேர்ந்தபோது, சிறு கொரியப் படத்தின் தேதியை ஹாலிவுட் மட்டும் பறிக்கவில்லை, பெரிய கொரியப் படமும் பறித்தது. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ 2,700க்கும் மேற்பட்ட திரைகளில் வந்தபோது, ஒரே படம் எத்தனை சதவீதக் காட்சிகளை எடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும் என்ற விவாதம் அங்கே சூடுபிடித்தது. ஒதுக்கீட்டின் அடுத்த கட்டம் அதுதான். கொரோனா காலம் இன்னோர் எல்லையையும் காட்டியது. பெரிய படங்களைத் தயாரிப்பாளர்களே வெளியிடாமல் நிறுத்திவைத்ததால் 2021இல் உள்ளூர்ப் பங்கு சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கியது. படம் வராதபோது நாள் ஒதுக்கி என்ன பயன்?

‘உள்நாட்டுப் படம்’ எது என்ற வரையறையும் அதிகாரத்தின் கையில் இருக்கிறது. மலேசியாவின் கட்டாயத் திரையிடல் திட்டம் உள்நாட்டுப் படத்துக்கு 14 நாட்கள் தருகிறது. அந்நாட்டின் தமிழ், சீன மொழிப் படங்கள் மலாய்ப் படங்களுக்குச் சமமான ‘தேசியப் படங்கள்’தானா என்ற சர்ச்சை 2016இன் மலேசியத் திரைப்பட விழாவில் வெடித்தது, கடைசியில் சஞ்சய் குமார் பெருமாளின் தமிழ்ப் படம் ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. இந்தியாவில் மகாராஷ்டிர அரசு 2015 ஏப்ரலில் மல்டிபிளெக்ஸ்களில் மாலை 6 முதல் 9 மணிக்குள் மராத்திப் படம் கட்டாயம் என்று அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு நண்பகல் 12 முதல் இரவு 9 வரை என்று அதைத் தளர்த்தியது. அங்கே எதிராளி ஹாலிவுட் கிடையாது, அடுத்த தெருவில் தயாராகும் இந்திப் படம். தமிழ்நாட்டுக்கு இந்த வகை ஒதுக்கீடு பொருந்தாது. இங்கே தமிழ்ப் படத்தின் இடத்தைப் பிற மொழிப் படம் பறிப்பதில்லை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும் நட்சத்திரப் படம் பறிக்கிறது. அரசு குறைந்த செலவுப் படங்களுக்கு மானியம் தந்திருக்கிறது; தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு 2006 முதல் கேளிக்கை வரி விலக்கும் தந்தது. பணம் படத்துக்குப் போய்ச் சேர்ந்தது, படம் அரங்குக்குப் போய்ச் சேர வழி செய்யப்படவில்லை. பணமில்லாத இடம் பிரிட்டனின் தவறு என்றால், இடமில்லாத பணம் நம்முடையது.

ஓடிடி வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்று சொல்வோர் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அப்படி நினைக்கவில்லை. 2018இன் திருத்திய விதி, ஓடிடி நிறுவனங்களின் பட்டியலில் 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்புகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அரங்கில் நாளை எண்ணலாம்; ஓடிடியில் பட்டியலின் ஆழத்தில் புதைந்து கிடக்கும் படத்தையும் கணக்கில் காட்டலாம். முகப்புப் பக்கத்தில் எது வருகிறது என்பதை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அந்த 30 சதவீதம் 1985இன் 146 நாட்களைப் போலவே காகிதத்தில் நிற்கும்.

இத்தனை சான்றுகளும் ஒரு முடிவுக்கே கொண்டுவருகின்றன. உள்நாட்டு சினிமாவைக் காக்க விரும்பும் அரசு எத்தனை நாள் என்ற எண்ணிலிருந்து தொடங்கக் கூடாது. கதையைச் சொல்லும் சுதந்திரத்தை முதலில் தர வேண்டும். எடுக்கவும் அரங்கின் நஷ்டத்தைப் பகிரவும் நிதி வேண்டும். அதன்பின் மிதமான ஒதுக்கீடும், அதைக் கண்காணிக்கத் தொழிலாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் சட்டப்படி ஓர் இடமும், எந்த ஒரு படமும் எல்லாத் திரைகளையும் விழுங்காதபடி ஓர் உச்சவரம்பும் வேண்டும். நம் மாநிலத்தில் திரைப்படக் கொள்கை என்று பேசப்படும்போதெல்லாம் மானியத் தொகையைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். பண்டிகை வாரத்தில் ஒரே படத்துக்கு எத்தனை சதவீதத் திரைகள் போகலாம் என்ற கேள்வியை அரசும் தயாரிப்பாளர்களும் அரங்கு உரிமையாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.